எந்தப் படத்துல பாதியில எந்திரிச்சுப் போனீங்க? எதனால?

ஒழலப்பதி வாசகன்
திங்கள், இரவு 9:40

பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற எங்க ஊர் வாசகசாலையில மாசத்துக்கு ஒரு படம் போடறோம்ங்க. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் மலையாள டைரக்டர் அடூர் கோபாலகிருஷ்ணனோட 'எலிப்பத்தாயம்' போட்டோம். எலிப்பொறின்னு அர்த்தம். பழைய பெரிய வீட்டுல உக்காந்த இடத்தை விட்டு அசையாத உண்ணிங்கற ஆளோட கதை. 1981ல வந்த படம், பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்டோட சதர்லாண்ட் டிராபி வாங்கினது. ரெண்டு வாரமா நோட்டீஸ் ஒட்டி, வீடு வீடாப் போய்ச் சொல்லி 40 பேரைச் சேர்த்தேன். முடிஞ்சு லைட்டைப் போட்டப்ப 11 பேர் இருந்தாங்க.

20 நிமிசத்துலயே முன்வரிசை காலி. யாரையும் தப்பு சொல்லல. ஆனா பெரியவர் ஒருத்தர் வாசல்ல செருப்பு மாட்டிட்டே, "ஏந்தம்பி, அந்தாளு எப்பத்தான் எந்திரிப்பாரு?"ன்னு கேட்டாரு. எனக்கு மனசே விட்டுப்போச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதான் இங்க கேக்கறேன். உங்களால உக்கார முடியாத படம் எது? எந்த இடத்துல உங்களுக்கு விட்டுப்போச்சு? மனசுல இருக்கறதை அப்படியே எழுதுங்க. 'உனக்கு ரசனை பத்தாது'ன்னு யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாதிப்பேரு இந்த மாதிரிப் படத்துப் பக்கமே வர்றதில்ல.


வேலந்தாவளம் பையன்
திங்கள், இரவு 10:15

அண்ணா, நான் ஆரம்பிக்கறேன். ஹங்கேரி டைரக்டர் பேலா தாரோட 'தி டூரின் ஹார்ஸ்', 2011. படம் 146 நிமிசம், மொத்தமே சுமார் 30 ஷாட்தான். ஒரு அப்பா, ஒரு பொண்ணு, ஒரு குதிரை, வெளிய ஓயாத காத்து. வேகவெச்ச உருளைக்கிழங்கைக் கையில உரிச்சுத் திங்கறாங்க. மறுநாளும் அதேதான். ஹாஸ்டல்ல மூணு தடவை ஆரம்பிச்சேன், மூணு தடவையும் கதையில வர்ற ரெண்டாவது நாளைத் தாண்டல.

2022 டிசம்பர்ல திருவனந்தபுரம் படவிழாவுல அவருக்கு வாழ்நாள் சாதனை விருது குடுத்தாங்க. எங்க காலேஜ் பிலிம் கிளப்ல அன்னிலிருந்து அவர் பேச்சுத்தான். எனக்குப் பிடிக்கலன்னு சொன்னதும், 'உனக்குப் புரியலடா'ன்னாங்க. புரிஞ்சுதுண்ணா. உலகம் கொஞ்சம் கொஞ்சமா அணைஞ்சுட்டு வருது, அதானே? அது எனக்குப் பத்தாவது நிமிசமே புரிஞ்சுபோச்சு. மிச்சம் 136 நிமிசம் எதுக்குன்னுதான் தெரியல.


தத்தமங்கலம் ரசிகன்
திங்கள், இரவு 10:32

பெரிய ஹீரோ படம் ஒண்ணு, 3 மணி நேரம். காரை விட்டு இறங்கறது ஸ்லோ மோஷன், கண்ணாடி மாட்டறது ஸ்லோ மோஷன், திரும்பிப் பாக்கறது ஸ்லோ மோஷன். அதையெல்லாம் யாரும் 'மெதுவான படம்'னு சொல்றதில்ல. நான் இண்டர்வெல்லுல வெளிய வந்தவன் திரும்ப உள்ள போகல.


கல்யாண வீடியோ, பொள்ளாச்சி
செவ்வாய், காலை 6:50

நான் 14 வருசமா கல்யாண வீடியோ எடிட் பண்றேன். எல்லைக்கு ரெண்டு பக்கமும் வேலை இருக்கு. சினிமாக்காரன் இல்ல. ஆனா இந்தக் கேள்வியை நான் தினமும் கையில வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

ஒரு முகூர்த்தம்னா 6 மணி நேரம் ஷூட் பண்ணுவோம். நான் அதை அழகா 2 மணி நேரத்துக்குக் கொண்டாந்து குடுப்பேன். ஒரு தடவை குடுத்த மறுநாளே போன். "சீர் கொண்டாந்தப்ப எங்க பெரியம்மா நடந்து வந்தாங்களே, அதை ஏனுங்க வெட்டினீங்க?" எடுத்துப் பார்த்தேன். வயசான அம்மா, தட்டை ரெண்டு கையில புடிச்சுட்டு, மண்டப வாசல்ல இருந்து மேடை வரைக்கும் நடந்து வர்றாங்க. 2 நிமிசம். வேற ஒண்ணுமே நடக்கல. திருப்பிச் சேர்த்துக் குடுத்தேன். அடுத்த வருசம் அந்தம்மா தவறிட்டாங்க. இன்னிக்கு அந்த வீட்டுல அந்த 2 நிமிசத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறாங்களாம்.

அதையே பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினா அரை நிமிசத்துல கொட்டாவி விடுவாரு. ஷாட் ஒண்ணுதான். ஒருத்தருக்குச் சொந்தம், இன்னொருத்தருக்கு யாரோ.

அதனால என் கணக்கு இதுதான். மெதுவாப் படம் எடுக்கறவர் முதல்ல என்னை அந்த வீட்டுக்குச் சொந்தக்காரனாக்கணும். பாலு மகேந்திராவோட 'வீடு' 1988ல வந்தது. அதுல கடைசிப் பக்கம், வீடு கட்டற பொண்ணோட தாத்தா தனியாப் போய், கட்டி முடியாத வீட்டைப் பாத்துட்டு வருவாரு. சொக்கலிங்க பாகவதர். பேச்சே இல்ல. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்து இசை மட்டும் ஓடும். சுவரைத் தொட்டுப் பாப்பாரு. எனக்கு அந்த இடத்துல ஒரு ஷாட்டைக்கூட வெட்டத் தோணாது. ஏன்னா அதுக்கு முன்னால காண்ட்ராக்டர் சிமெண்டுல கைவெச்சதுல இருந்து, பணம் பத்தாம அந்தப் பொண்ணு அலைஞ்சது வரைக்கும் நான் கூடவே இருந்திருக்கேன். அந்தச் சுவரு எனக்கும் கொஞ்சம் சொந்தம்.

எடிட் டேபிள்ல நான் கேட்டுக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்த ஷாட்டுல பாக்கறதுக்கு இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா? இருந்தா 5 நிமிசம்னாலும் நிக்கட்டும். இல்லைன்னா 5 செகண்டுகூட இழுவைதான்.


மீனாட்சிபுரம்காரி
செவ்வாய், மதியம் 1:20

பொள்ளாச்சி அண்ணா சொன்னது எனக்கு அப்படியே நடந்துச்சு.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியோட மலையாளப் படம் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2023 ஜனவரியில பாலக்காட்டுல ஆபீஸ் பொண்ணுகளோட போனேன். நாங்க அஞ்சு பேரு, அதுல நான் மட்டும் தமிழ். கேமரா ஒரு இடத்துல நின்னா நின்னதுதான், தேனி ஈஸ்வரோட ஒளிப்பதிவு. வேளாங்கண்ணி போயிட்டுத் திரும்பற மலையாளிக் கூட்டம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிட்டு ஜேம்ஸ் இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள்ள நடந்துபோய் ஒரு வீட்டுக்குள்ள நுழையறாரு. அங்க எப்பவோ காணாமப்போன சுந்தரமா மாறிடறாரு. மம்மூட்டி.

என் பிரெண்ட்ஸ் நாலு பேரும் பாதியிலயே மொபைலை எடுத்துட்டாங்க. 'ஒண்ணும் நடக்கலையேடி'ன்னாங்க. எனக்கோ ஒரு நிமிசம் ஓய்வில்ல. ஏன்னா அந்தப் படம் பூரா பின்னால பழைய தமிழ்ப்படப் பாட்டும் வசனமும் ஓடிட்டே இருக்கு. எங்க தெருவுல மத்தியானம் நடந்தா ஒவ்வொரு வீட்டு டிவியில இருந்தும் வருமே, அந்தச் சத்தம். அந்த ஒவ்வொரு வரியும் திரையில நடக்கறதுக்குப் பதில் சொல்லிட்டே இருந்துச்சு. அவளுகளுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு அதுதான் கதையே. காது கேட்டவங்களுக்கு அது வேகமான படம்.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் பக்கம் ரேஷன் கடையில மலையாளம், வீட்டுல தமிழ், ஸ்கூல்ல எதுன்னு ஒவ்வொரு வருசமும் ஒரு பேச்சு. ஒரு ஆளு ஒரு வாசப்படியைத் தாண்டினதும் பாஷை மாறி ஆளும் மாறிடறதை நான் தினமும் பண்ணிட்டிருக்கேன். அதைப் பொறுமையா, அவசரப்படாம ஒருத்தர் காட்டினப்போ எனக்கு அழுகை வந்துருச்சு. அவளுகளைக் குறை சொல்லல. அவளுக அந்த வாசப்படியைத் தாண்டினதே இல்ல.


முதலமடை மாந்தோப்பு
செவ்வாய், இரவு 8:05

எல்லாரும் நல்லா எழுதறீங்க. நான் மறுத்துப் பேசறேன், கோவிச்சுக்க வேண்டாம்.

நான் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்துப் பாக்கறவன். பூ விட்டதுல இருந்து காய் இறங்கற வரைக்கும் வானத்தைப் பாத்துட்டு நிக்கறதுதான் வேலை. மெதுவான வாழ்க்கை எனக்கு வருசம் பூராக் கிடைக்குது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வீட்டோட பொள்ளாச்சி போய்ப் படம் பாக்கறோம். அங்கயும் ஒருத்தர் தண்ணி சேந்தறதை 4 நிமிசம் காட்டினா, எனக்கு அது கலை இல்லீங்க. அது எங்க வீட்டுக் கிணத்தடி.

2024 ஆகஸ்ட்ல 'கொட்டுக்காளி' போனோம். சூரி இருக்காரு, சிரிக்கலாம்னு பசங்க ஆசைப்பட்டாங்க. பாட்டு இல்ல, பின்னணி இசையே இல்ல. ஒரு ஷேர் ஆட்டோவுலயும் பைக்குலயும் குடும்பமே போயிட்டிருக்கு. அந்தப் பொண்ணு வாயே திறக்கல. கடைசியில முடிவை நம்ம கையில குடுத்துட்டுப் படம் முடிஞ்சிருது. பின்னால இருந்தவங்க கத்தினாங்க. என் சின்னவன் என் முகத்தைப் பாத்து, "முடிஞ்சுதாப்பா?"ன்னு கேட்டான். எனக்கு அவமானமாப் போச்சு, 5 டிக்கெட் காசு.

படம் மோசம்னு சொல்ல வரல. பெர்லின்ல எல்லாம் காட்டின படம், தெரியும். ஆனா உழைச்சுட்டு வர்றவனுக்குக் கொஞ்சம் வேற காத்து வேணும். அதைக் கேட்டா ரசனை இல்லாதவன்னு ஆயிருதா?


ஒழலப்பதி வாசகன்
செவ்வாய், இரவு 8:30

இல்லீங்கண்ணா. நீங்க எழுதினதுதான் நான் கேக்க நினைச்சது.


மீனாட்சிபுரம்காரி
செவ்வாய், இரவு 9:10

மாந்தோப்பு அண்ணா, நீங்க சொல்றது நியாயம். ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். அந்தப் படத்துல மீனா பேசாம உக்காந்திருக்காளே, சுத்தி அத்தனை பேரும் அவளைப் பத்தித்தான் பேசறாங்க. அவளுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு கூட்டிட்டுப் போறாங்க. அந்த வண்டியில உக்காந்திருக்கற நேரம் அவளுக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் நமக்கும். பெண் பாக்கற நாள்ல, கல்யாணப் பேச்சு நடக்கறப்ப, அந்த மாதிரி உக்காந்திருக்காத பொண்ணு எங்க தெருவுல இல்ல. எனக்கு அங்க இசை வந்திருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்.

உங்க சின்னவன்கிட்ட ஒருநாள் கேளுங்க, சூரி நடிச்ச பாண்டி கடைசியில என்ன பண்ணியிருப்பான்னு. அவன் என்ன சொல்றான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்.


நல்லேபிள்ளி டீச்சர்
புதன், காலை 10:45

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எல்லாருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன்.

எனக்குச் சலிப்பு என்பது தூர்தர்ஷனில் தொடங்கியது. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். இன்று வங்காளி, அடுத்த வாரம் அசாமி, அதற்கடுத்து ஒடியா. கீழே ஆங்கில எழுத்து ஓடும். எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து, ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமல், ஆனாலும் எழுந்து போகாமல் பார்ப்போம். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். முகத்தைப் பார்த்தால் எழுத்து போய்விடும், எழுத்தைப் பார்த்தால் முகம் போய்விடும். தமிழ்வழியில் படித்த எனக்கு வேகமான வெளிநாட்டுப் படங்கள் எல்லாம் இன்றும் அப்படித்தான்.

பிறகு ஒரு விடுமுறையில் என் மகன் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யைப் போட்டுக் காட்டினான். 1953ஆம் ஆண்டுப் படம். வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அவர்களை அத்தாமி என்ற வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். எல்லாரும் அதை மெதுவான படம் என்பார்கள். நான் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்தேன். படித்த பின்னும் அந்த முகம் அங்கேயே எனக்காகக் காத்திருந்தது. வெளிநாட்டுப் படம் ஒன்றில் நான் முகங்களை முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

அந்தக் கேமரா தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் இருக்கிறது. நம் வீட்டு நடையில் உட்கார்ந்து பார்ப்பது போலவே இருந்தது. அந்த அம்மா கடலோரச் சுவரில் இருந்து எழும்போது ஒரு கணம் தடுமாறுவார். வேகமான படமாக இருந்திருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். என் அம்மா அப்படித் தடுமாறியதை நான் நேரில் கவனிக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வாசகன் தம்பிக்கு ஒரு கேள்வி. அன்று எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? எதில் உட்கார்ந்திருந்தார்கள்?


கல்யாண வீடியோ, பொள்ளாச்சி
புதன், மதியம் 2:00

டீச்சர் கேட்டது சரியான கேள்வி.

அப்பறம் நீளம் பத்தி ஒண்ணு. 2024 செப்டம்பர்ல 'மெய்யழகன்' வந்தப்ப 177 நிமிசம் இருந்துச்சு. 'லேக், லேக்'னு எல்லா இடத்துலயும் பேச்சு. ஒரு வாரம் ஆகறதுக்குள்ள 18 நிமிசத்துக்கு மேல வெட்டிட்டாங்க. நான் ரெண்டையும் பாத்தேன். எனக்கு வெட்டினதுதான் நீளமாத் தெரிஞ்சுது. ராத்திரி பூரா ரெண்டு பேரு பேசிட்டு உக்காந்திருக்கற கதை அது. அரவிந்த்சாமிக்கு எதிர்ல இருக்கறவர் பேரே ஞாபகம் வரல, அந்தச் சங்கடத்தோட நாமளும் விடிய விடிய உக்காரணும். அதுல கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா ராத்திரி சின்னதாயிருது, விடியறப்ப வர்ற பாரமும் போயிருது. வெட்டினவங்க என்ன நெருக்கடியில வெட்டினாங்களோ, அது வேற. ஆனா நிமிசத்தை எடுத்தா சலிப்பும் போயிரும்கறது தப்புக் கணக்கு.


தென்னந்தோப்பு
புதன், இரவு 9:55

நான் இங்க எழுதினதில்ல. படிக்கறதோட சரி. அப்பா கள்ளு இறக்கறவரு. சித்தூர்ப் பக்கம் தோப்புத் தோப்பா மாறித்தான் நாங்க வளர்ந்தோம்.

வாசகன் அண்ணா, அன்னிக்குக் கடைசி வரைக்கும் இருந்த 11 பேர்ல எங்கம்மாவும் ஒருத்தங்க. நீலச் சேலை, சுவரோரமா உக்காந்திருந்தாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நான் பாதியில வெளிய வந்துட்டேன், உண்மையைச் சொல்றேன். அம்மா வரல.

அம்மா சின்ன வயசுல ஒரு பெரிய வீட்டுல வேலைக்கு நின்னவங்க. கேரளாவுல நெலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1ல அமலுக்கு வந்துச்சுன்னு நாங்க பாடத்துல படிச்சிருக்கோம். அம்மாவுக்கு அது பாடம் இல்ல. பாட்டம், அதாவது குத்தகை நெல்லு, கொண்டுவர்றவங்க நின்னுபோனாங்க, நெல்லு வெக்கற பத்தாயம் காலியாச்சு, ஆனா அந்த வீட்டு எசமான் மட்டும் திண்ணையை விட்டு எந்திரிக்கல. வெத்தலைப் பெட்டி பக்கத்துல இருந்தாலும் கூப்பிடுவாராம். முற்றத்துல மாடு பூந்தாலும் கூப்பிடுவாராம்.

படம் முடிஞ்சு நடந்து வர்றப்ப அம்மா ஒண்ணும் பேசல. கனால் பாலம் தாண்டினதும் சொன்னாங்க: "அந்த ராஜம்மா ஒவ்வொரு தடவை எந்திரிக்கறப்பவும் எனக்கு முட்டி வலிச்சுதுடா."

படத்துல உண்ணி உக்காந்தே இருக்காரு. மாட்டை விரட்ட அவரு கூடப்பொறந்த ராஜம்மா எந்திரிக்கறா, சுடுதண்ணிக்கு ராஜம்மா எந்திரிக்கறா. கடைசியில அவளுக்கு வயித்துவலி வந்து அக்கம்பக்கத்தார் தூக்கிட்டுப் போறப்பவும் அந்தாளு அசையல. நான் வெளிய வந்ததுக்கு அப்பறம் நடந்த இதையெல்லாம் அம்மா ஒண்ணுவிடாமச் சொன்னாங்க. ராஜம்மாவா நடிச்ச ஷாரதா அந்தத் துணியைப் பிழியறதைப் பத்தி மட்டும் பத்து நிமிசம் பேசினாங்க. எங்கம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

அந்தப் பெரியவர் கேட்டாரே, 'அந்தாளு எப்பத்தான் எந்திரிப்பாரு'ன்னு. அதை நான் அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா சொன்னாங்க, "சரியாத்தான் கேட்டிருக்காரு. எந்திரிக்கவே மாட்டாருன்னுதான் ரெண்டு மணி நேரமாச் சொல்லிட்டிருக்காங்க. அவரு இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா அந்த உண்ணியைக் குளத்துல தூக்கிப் போடறதைப் பாத்திருப்பாரு."


ஒழலப்பதி வாசகன்
வியாழன், காலை 5:30

தம்பி, இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்தப் பெரியவர் கேட்டதை நான் குறையா எடுத்துக்கிட்டேன். படம் அவருக்குள்ள போயிருக்கு, அதான் அந்தக் கேள்வி வந்திருக்கு. நான் அப்பவே அவர்கூட வாசல்ல நின்னு பேசியிருக்கணும். அவரு வீட்டுக்கு இன்னிக்குப் போறேன்.

டீச்சர் கேட்டதுக்குப் பதில். மத்தியானம் 2 மணிக்குப் போட்டேன். மேல தகரக் கூரை. மடக்கு நாற்காலி. ஜன்னலைத் துணி போட்டு மறைச்சதுல காத்து இல்ல. அதுக்கு மேல, படம் போடறதுக்கு முன்னால அடூரைப் பத்தி, விருதுகளைப் பத்தி நான் 25 நிமிசம் பேசினேன். அப்ப யாரும் எந்திரிக்கல, மரியாதைக்கு உக்காந்திருந்தாங்க. அந்த 25 நிமிசத்தையும் சேர்த்துத்தான் அவங்க படத்துல கழிச்சுட்டாங்கன்னு இப்பத் தோணுது.

2021 மார்ச்ல கொரோனாவால திருவனந்தபுரம் படவிழாவை நாலு ஊருக்குப் பிரிச்சு, பாலக்காட்டுலயும் வெச்சாங்களே, அப்ப நான் போனேன். முகக்கவசத்தோட, லெசோத்தோங்கற ஆப்பிரிக்க நாட்டுப் படம் ஒண்ணு பாத்தேன், 'திஸ் இஸ் நாட் எ பரியல், இட்ஸ் எ ரிசரக்‌ஷன்'. அந்த வருசம் விழாவோட பெரிய பரிசான சுவர்ண சகோரம் வாங்கினதும் அதுதான். 80 வயசுக் கிழவி, புருசன் இல்ல, இருந்த ஒரு மகனும் போயிட்டான். அணை கட்டறதுக்காக ஊரை எடுக்கறாங்க, சுடுகாட்டோட சேர்த்து. ரொம்ப மெதுவான படம். ஆழியாறு, பரம்பிக்குளம்னு அணைத் தண்ணியை நம்பி இருக்கற ஊர்ல பொறந்தவன் நான். தமிழ்நாடு விடவேண்டிய 7.25 டிஎம்சி தண்ணி மணக்கடவுல வருதா வரலையான்னு வருசா வருசம் சண்டை போடற ஊரு. தண்ணிக்கு அடியில யாரோட சுடுகாடு இருக்குன்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. ஏசி தியேட்டர், நல்ல சவுண்டு, நல்ல இருட்டு. அந்த வசதியில பாத்து மெய்மறந்தவன், தகரக் கூரைக்கு அடியில ஊர்க்காரங்களை உக்காரவெச்சுட்டு அவங்க எந்திரிச்சதுக்கு வருத்தப்பட்டிருக்கேன்.

அடுத்த மாசம் 'கடைசி விவசாயி' போடலாம்னு இருக்கேன். மணிகண்டன் படம், 2022ல வந்தது. சாயங்காலம் 7 மணிக்கு, வெளி முற்றத்துல, பாய் போட்டு. முன்னுரை கிடையாது.


வேலந்தாவளம் பையன்
வியாழன், இரவு 11:40

அண்ணா, இந்த இழையைப் படிச்சுட்டு 'டூரின் ஹார்ஸ்' நாலாவது தடவையா முழுசாப் பாத்தேன். மொபைலை வார்டன் ரூம்ல குடுத்துட்டு, ஹெட்போன் போட்டு.

எனக்கு இப்பவும் பிடிக்கல. ஆனா ஒண்ணு பாத்தேன். ஒவ்வொரு நாளும் கிழங்கு திங்கறதை வேற வேற பக்கத்துல இருந்து எடுத்திருக்காங்க. ஒரு நாள் அப்பாவை மட்டும், அடுத்த நாள் பொண்ணை. அவரு சூடு ஆறறதுக்குள்ள பிச்சுப் பிச்சு முழுங்கறாரு, அவ மெல்ல ஊதி ஊதித் திங்கறா. முதல்ல எனக்கு ரெண்டும் ஒரே சீனாத்தான் தெரிஞ்சுது. பொள்ளாச்சி அண்ணா சொன்ன மாதிரி பாக்க மிச்சம் இருந்திருக்கு. ஆனா அந்த ரெண்டு பேருக்கும் நான் கடைசி வரைக்கும் சொந்தக்காரன் ஆகல. பிலிம் கிளப்ல நாளைக்கு இதை இப்படியே சொல்லப்போறேன்.


முதலமடை மாந்தோப்பு
வெள்ளி, காலை 7:15

'கடைசி விவசாயி' நான் பாத்ததில்ல. எங்க மாமா பாத்திருக்காரு. செத்த மயிலைப் பொதைச்சதுக்குப் பெரியவர் மேல கேசு போட்டுருவாங்க, அவரு உள்ள இருக்கறப்ப நாத்து காயுமேன்னுதான் அவருக்குக் கவலைன்னாரு. அதுல நடிச்ச நல்லாண்டி அய்யா நெசமான விவசாயி, படம் வெளிவர்றதுக்கு முந்தியே தவறிட்டாருன்னும் சொன்னாரு. நாத்து காயற வேதனை எனக்குத் தெரியும். வர்றேன். சின்னவனையும் கூட்டிட்டு வர்றேன். பாண்டி அந்தப் பொண்ணை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருப்பான்னு சொல்றான், மீனாட்சிபுரம் தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க.

ஆனா நடுவுல டீ குடிக்க 10 நிமிசம் விடணும். பிடிக்கலைன்னா எந்திரிச்சும் போவேன், தப்பா நினைக்கக் கூடாது.


ஒழலப்பதி வாசகன்
வெள்ளி, காலை 7:40

டீ இருக்குங்கண்ணா. உங்களுக்கும் தம்பிக்கும் வாசல் பக்கமே பாய் போட்டு வெக்கறேன். தென்னந்தோப்பு தம்பி, அம்மாவுக்குச் சாஞ்சுக்கற மாதிரி சுவரோர இடம் அப்படியே இருக்கும்.